கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல்

தை முதல் வாரத்தில் என் மகளுக்குத் தலைப்பிரசவம் என்று மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். ஐப்பசியில் வளைகாப்பு முடிந்த கையோடு அவள் சென்னையிலிருந்து திருவையாற்றுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளும் பிறக்கப்போகும் குழந்தையும் மூன்று மாதம் தங்கியிருக்கப்போகும் அறையைத் தயார் செய்யும் வேலையை ஆவணியிலேயே தொடங்கிவிட்டேன். ஓர் அறைக்கு இத்தனை மாதமா என்று கேட்டவர்களுக்கு நான் அப்போது சொன்ன பதில் சுருக்கமானது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

இது என் பெற்றோரின் வீடு. நான் ஒரே மகள் என்பதால், கணவர் பணி ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இங்கேயே வந்து தங்கிவிட்டோம். 84 வயதாகும் என் அம்மா எங்களுடன் இருக்கிறார். முற்றம், கூடம், இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. கூடத்துக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை உண்டு. காமிரா உள் என்று அதற்குப் பெயர். மற்ற நாள்களில் நெல்லும் பித்தளைப் பாத்திரங்களும் இருக்கும். வீட்டில் பிரசவம் என்றால் பாத்திரங்களை வெளியே எடுத்துவிட்டுத் தாயையும் பிள்ளையையும் அங்கே படுக்க வைப்பார்கள். என் அம்மா என்னைப் பெற்றது அந்த அறையில்தான். 1994இல் தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் என் மகளைப் பெற்று மூன்றாம் நாள் வீடு திரும்பியதும் நான் படுத்ததும் அதே அறையில்தான். அதற்கு ஜன்னல் கிடையாது. பச்சை உடம்புக்காரிக்குக் காற்று ஆகாது, குழந்தைக்கு வெளிச்சம் ஆகாது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. தீட்டு என்பதால் வீட்டார் அதிகம் புழங்காத இடமாகவும் அது இருக்க வேண்டியிருந்தது.

அந்த அறையில் ஒரே ஒரு 25 வாட் குண்டு பல்பு எரியும். அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். போதாக்குறைக்கு எனக்கும் மஞ்சள், குழந்தைக்கும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள். ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்க எழவில்லை. தூக்கம் அதிகம், சமத்துக் குழந்தை என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆறாம் நாள் காலையில் எங்கள் தெருவுக்கு வந்த சுகாதாரச் செவிலியர் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார். அறை வாசலில் நின்று பார்த்தவர், ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். துணியை விலக்கி, நெஞ்சில் ஒரு விரலை வைத்து அழுத்தி எடுத்தார். இரத்தம் விலகிய அந்த இடம் வெண்மையாகத் தெரியாமல் எலுமிச்சம்பழத் தோல் போலத் தெரிந்தது. வயிற்றிலும் அப்படித்தான், தொடையிலும் அப்படித்தான். அன்று மதியமே தஞ்சாவூருக்கு ஓடினோம். இரண்டு நாள் நீல விளக்கின் கீழ், கண்களைக் கட்டி, என் மகளைப் படுக்க வைத்திருந்தார்கள். இரத்தம் மாற்ற வேண்டிய கட்டத்துக்கு மிக அருகில் வந்துவிட்டது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். பிரசவம் பார்த்த மருத்துவமனையில், வீட்டுக்குப் போனபின் குழந்தையின் நிறத்தைக் கவனியுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும், யாரும் சொல்லவில்லை.

அந்த முற்றத்துக் காட்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னுடனேயே இருக்கிறது. பிறகு நான் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டவை உண்டு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்காவது முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் தட்டுவது இயல்பு. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி நான்காம், ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய்ப் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். முகத்தில் தொடங்கி நெஞ்சு, வயிறு, கால் என்று அது கீழ்நோக்கிப் பரவும். உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அப்படித்தான். பிலிருபின் என்ற அந்த மஞ்சள் பொருள் அளவு மீறினால் மூளையில் படிந்து வாழ்நாள் முழுவதற்குமான கேட்டைச் செய்துவிடும். நீல விளக்குச் சிகிச்சை வந்த கதையும் ஓர் இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கதைதான். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் உள்ள ராக்ஃபோர்டு மருத்துவமனையில், 1950களின் நடுவில், குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் இளவெயில் காட்டும் வழக்கமுள்ள ஒரு செவிலியர், வெயில் பட்ட தோலில் மஞ்சள் குறைந்து, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் அப்படியே இருப்பதைக் கண்டு மருத்துவர்களிடம் காட்டினார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த மருத்துவர்கள் 1958இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். வெயிலில் காட்டினால் காமாலை போய்விடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வெயிலின் அளவை யாரும் கணக்கிட்டுக் கொடுக்க முடியாது, சிகிச்சை மருத்துவமனையில்தான். வீட்டு அறையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: குழந்தையின் உண்மையான நிறம் எந்த நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே காமிரா உள்ளின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் திறப்பது என்று முடிவு செய்தேன். அந்தப் பக்கம் நான்கைந்து தென்னை நிற்கும் எங்கள் தோட்டம். காலை வெயில் தடையின்றி வரும். மாடியிலும் முன்கட்டிலும் காற்றோட்டமான அறைகள் இருக்கும்போது எதற்கு இந்தச் சுவரை உடைக்க வேண்டும் என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தையல் போட்ட உடம்போடு மாடிப்படி ஏறி இறங்க முடியாது. முன்கட்டு அறைக்குத் தெருவின் இரைச்சல் அத்தனையும் வரும். குளியலறையும் கழிவறையும் காமிரா உள்ளிலிருந்து ஆறே அடி தூரத்தில் இருக்கின்றன. பெரியவர்கள் பிரசவத்துக்கு அந்த அறையைத் தேர்ந்தெடுத்ததில் குறையே இல்லை. வெளிச்சத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அம்மாதான் ஒப்பவில்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கடப்பாரை எடுக்கக் கூடாது என்றார். மகள் சென்னையில்தானே இருக்கிறாள், அவள் வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. அந்தச் சாத்திரத்தில் எனக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு. இடிக்கும் புழுதியிலிருந்தும், தடுக்கி விழும் கற்களிலிருந்தும் பிள்ளைத்தாய்ச்சியைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஐப்பசிக்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று கொத்தனாரிடம் உறுதி வாங்கினேன்.

பதினெட்டு அங்குலக் கனமுள்ள சுவர். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கொத்தனார் சுவரை ஒரேயடியாக உடைக்கவில்லை. உள்பக்கத்தில் பாதிக் கனத்துக்கு மட்டும் ஒரு பள்ளம் வெட்டி, இரு பக்கமும் ஒன்பது அங்குலம் சுவரின்மேல் உட்காரும்படி திறப்புக்கு மேலே குறுக்காக வரும் கான்கிரீட் சட்டமான லிண்டல் ஒன்றைச் செருகி, அது பாரம் தாங்கும்படி இடுக்கெல்லாம் அடைத்து, நான்கு நாள் விட்டார். அதன் பிறகே வெளிப்பக்கத்துப் பாதியை எடுத்து இரண்டாவது லிண்டலை வைத்தார். இரண்டும் உறுதியாக நின்ற பிறகுதான் அவற்றுக்குக் கீழே இருந்த செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசிக்கு முந்தைய வரிசை நீங்கியபோது மாலை நான்கு மணி இருக்கும்; தோட்டத்துப் பச்சை உள்ளே தெரிந்தது. நூறு வருடச் சுண்ணாம்பு, கையில் எடுத்தால் கல்லைவிட்டுப் பிரிய மறுத்தது. மூன்றரை அடி அகலம், நான்கடி உயரம், வேப்ப மரச் சட்டம், நெருக்கமான கம்பி, அதன்மேல் கொசுவலை. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. இரவுக்கு மட்டும் வலை கட்டுவதில் பயனில்லை என்பதால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நிரந்தரமாகவே வலை அடித்துவிட்டோம். கட்டிலுக்குத் தனியாக ஒரு வலை இருக்கிறது.

சுவரில் ஓதம் இருந்தது. ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்ததும் இந்த வட்டாரத்துப் பழைய சுவர்கள் அடியிலிருந்து ஈரம் குடிக்கும். முன்பு யாரோ அதன்மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரம் இன்னும் மேலே ஏறியிருந்தது. மூன்றடி உயரத்துக்கு அந்தச் சிமென்டைக் கொத்தி எடுத்து, ஒரு மாதம் சுவரை அப்படியே காயவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பே பூசினோம். ஆவணியில் தொடங்கியதற்கு இதுவே முதல் காரணம்; மழை இறங்கிவிட்டால் எதுவும் காயாது.

வண்ணம் அடிப்பவர் இளமஞ்சள் அடித்தால் குழந்தை இருக்கும் அறைக்கு மங்களமாக இருக்கும் என்றார். மங்களம்தான், ஆனால் மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குழந்தையின் தோலையும் மஞ்சளாக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வஜ்ஜிரப் பசை கலந்து வெள்ளையே அடிக்கச் சொன்னேன். விளக்கும் வெள்ளை எல்.இ.டி.தான். இரவில் பால் கொடுக்கத் தாழ்வான ஒரு சிறு விளக்கு தனியாக உண்டு. அறைக் கதவில் என் தாத்தா காலத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பச்சை எனாமல் உரிந்துகொண்டிருந்தது. அதை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கியவரை நிறுத்தி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்ட வைத்தேன். அதுவும் தோட்டத்தில், கதவைக் கழற்றி எடுத்துப்போய். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்தத் தூசி தரையில் படிந்தால் தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும்.

கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த அறைக்கென்றே இருக்கும் கட்டில் பாட்டியின் தேக்குக் கட்டில். 28 அங்குல உயரம். ஏறுவதற்கு ஒரு முக்காலி வைப்போம். சுகப்பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ, முன்கூட்டி யாருக்குத் தெரியும்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. வயிற்றில் தையலோடு இருப்பவள் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்க முடியாது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் எழுந்திருக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முழங்கால் மடிப்பு கட்டில் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். மகளை நாற்காலியில் உட்கார வைத்து அளந்து அனுப்பச் சொன்னதில் பாயும் மெத்தையும் சேர்த்துப் 18 அங்குலம் வந்தது. ஆசாரி கட்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பர்மா தேக்கு. அறுத்துட்டா மறுபடி ஒட்ட முடியாது" என்றார். கடைசல் வேலை செய்த கால்களை அறுக்க எனக்கும் மனம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மாதான் எழுந்து வந்து, "பிள்ளை பெத்தவ இறங்க முடியாத கட்டில் எதுக்கு? அறுங்க" என்றார். மூன்று நாள் மௌனத்துக்குப் பின் அவர் பேசிய முதல் பேச்சு அது. அறுத்த நான்கு துண்டுகளும் அடுக்களைப் பரணில் இருக்கின்றன.

கட்டிலுக்குப் பக்கத்தில் கைவைத்த, சாய்ந்துகொள்ளும் நாற்காலி ஒன்று, காலுக்கு ஒரு சிறு மணை. நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்கப்போகிறவளின் முதுகுக்கு இவை கட்டாயம் வேண்டும். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு. அறை வாசலுக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டி, ஒரு கைகழுவும் தொட்டி வைத்துவிட்டேன். வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847இல் தம் மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்ததும் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் இறப்பது சட்டென்று குறைந்தது. அதை அன்றைய பெரியவர்கள் ஏற்க மறுத்ததும் வரலாறு. எங்கள் வீட்டில் யாரும் மறுக்க முடியாதபடி, தொட்டியைக் கடக்காமல் உள்ளே போக வழியே இல்லாத இடத்தில் அதை வைத்திருக்கிறேன்.

பழைய வழக்கங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் அம்மாவும் நானும் பல மாலை நேரங்கள் பேசினோம். தரையைச் சாணமிட்டு மெழுக வேண்டும் என்ற பேச்சு முதல் நாளே முடிந்துவிட்டது. இரண ஜன்னி என்னும் டெட்டனஸ் கிருமி சாணத்தில் இருக்கும், அறுத்த தொப்புளுக்கு அது எமன் என்பது அம்மாவுக்கே தெரியும். அவருடைய தங்கை ஒருத்தி பிறந்து எட்டாம் நாள் அப்படித்தான் போனாள். தாய்சேய் இரண ஜன்னியை நம் நாடு ஒழித்துவிட்டதாக 2015இல் உறுதிசெய்யப்பட்டதை நான் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். சாம்பிராணிக்குத்தான் அதிகம் வாதாடினார். குளித்த குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் அந்த வாசனை எனக்கும் உயிர். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் புகை அடைந்தால் ஒரு வாரக் குழந்தையின் நுரையீரல் என்ன செய்யும்? முற்றத்தில், மகளின் கூந்தலுக்கு மட்டும், குழந்தை அங்கில்லாதபோது என்று முடிவானது. கொசுவர்த்தியும் அறைக்குள் கிடையாது. வசம்பு வளையலைக் குழந்தையின் கைக்கு எட்டாதபடி தொட்டில் கயிற்றில் கட்டிக்கொள்ளலாம். உரைத்து நாவில் தடவுவது இல்லை. வாசலில் வேப்பிலை செருகுவதற்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தீட்டு என்ற பெயரை நான் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பெயரால் முதல் சில வாரம் தாயும் பிள்ளையும் கண்டவர் கையிலும் போகாமல் இருந்தார்கள், அடுப்படி வேலையிலிருந்து தாய்க்கு ஓய்வு கிடைத்தது. தை மாதத்தை ஒட்டித்தான் தியாகராஜர் ஆராதனையும் வருகிறது. அந்த ஐந்து நாளும் எங்கள் வீடு உறவினர்களால் நிறைந்திருக்கும்; சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்களும் வருவார்கள். இந்த முறை ஒவ்வொருவருக்கும் நானே தொலைபேசியில் பேசி, வீட்டில் தங்க இயலாது, குழந்தையைப் பார்க்க நாற்பது நாள் கழித்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒருவர் வருத்தப்பட்டார். வருத்தப்படட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

தூளிக்கு உத்திரத்தில் இரும்பு வளையம் இருக்கிறது. அதில் 26 கிலோ அரிசி மூட்டை ஒன்றை இரவு முழுவதும் தொங்கவிட்டுச் சோதித்தோம். பகலில், யாராவது கண்பார்வையில் வைத்திருக்கும்போது மட்டும் தூளி; இரவுத் தூக்கம் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாந்துதான். தூளியில் வளைந்து கிடக்கும் பச்சைக் குழந்தையின் மோவாய் நெஞ்சில் அழுந்தி மூச்சுக்கு இடைஞ்சலாகலாம் என்று குழந்தை மருத்துவர் எச்சரித்திருக்கிறார். மார்கழி, தை இரவுகளில் இங்கே 20, 21 டிகிரி வரை இறங்கும். பச்சைக் குழந்தைக்கு அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதால் ஒரு வெப்பமானியைக் குழந்தையின் படுக்கை உயரத்தில் மாட்டியிருக்கிறேன், இரவில் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவோம்.

ஜன்னலுக்குத் திரை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னார். பால் கொடுக்கிறவளுக்கு மறைவு வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் துணி வெள்ளையாக இருக்கட்டும், நிறத் துணி வழியாக வரும் வெளிச்சமும் நிறமாகத்தான் வரும் என்றேன். என் அப்பாவின் பழைய மல் வேட்டி ஒன்றைக் கிழித்துக் கையாலேயே ஓரம் அடித்து, நேற்றுக் காலை மாட்டினார். ஏழு மணி வெயில் கட்டிலின் தலைமாட்டில் விழுந்திருந்தது. திரை ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டுமே வருகிறது. துணி போதவில்லையா என்று கேட்டேன். போதும், மேலே திறந்திருக்கட்டும் என்றுதான் அளந்து வெட்டினேன் என்றார்.